நாலு வீட்டுக் கட்டில்

மனிதர்களில் 'அதான் இருக்கே' என்று ஓர் இனம் உண்டு. அவசரப்பட்டு அவர்களைக் கஞ்சர்களோடு சேர்த்துவிடாதீர்கள். கஞ்சன் தன் காசை மட்டும் காப்பாற்றிக்கொள்வான். பாவம், அவனுக்கு ஆசை அவ்வளவுதான். இவர்கள் உங்கள் காசையும் எதிர்வீட்டுக்காரர் காசையும், அறிமுகமே இல்லாமல் கடை வாசலில் நிற்கிறவர் காசையும் சேர்த்துக் காப்பாற்றுவார்கள். யாரும் கேட்டுக்கொள்ள வேண்டியதே இல்லை.

குடை போய்விட்டது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று நீங்கள் பேச்சுவாக்கில் சொல்லிப் பாருங்கள். எங்கிருந்தோ வந்து நிற்பார்கள். தன்னிடம் துணி கிழிந்த குடை ஒன்று இருக்கிறது, உங்களுடையது கம்பி உடைந்த குடை, இரண்டையும் சேர்த்துத் தைத்தால் அருமையான குடை, எதற்கு வாங்க வேண்டும் என்பார்கள். இப்போது மழை பெய்கிறதே என்றால், மழை விட்டதும் தைத்துக்கொள்ளலாம் என்பார்கள்.

இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜன்னல் ஓரத்தில் கழுவிக் கவிழ்த்த கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நிற்கும். ஒரு குப்பி நிறைய பட்டன்கள். எந்தச் சட்டையில் இருந்தவை என்று அந்தச் சட்டைக்கே ஞாபகம் இருக்காது. ஒரு தகர டப்பா நிறையச் சாவிகள். பூட்டுகள் எங்கே? அவை எப்போதோ போய்விட்டன. இருந்தால் என்ன, என்றைக்காவது ஒரு பூட்டு கிடைத்தால் சாவி வாங்க வேண்டாமே.

சாதாரண நாட்களில் இவர்கள் இப்படி அடக்கமாகத்தான் இருப்பார்கள். குடும்பத்தில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்ற சேதி காதில் விழ வேண்டும், அப்போது பார்க்க வேண்டும் இவர்களை. முகமே பளபளத்துப் போகும். ஏனென்றால் குழந்தைச் சாமான் மாதிரி மிச்சம் பிடிக்கத் தோதான சாமான் உலகத்தில் வேறில்லை. வாங்கின சட்டை கை நுழைவதற்குள் சின்னதாகிவிடுகிறது. குளிக்க வைக்கிற தொட்டியில் கால் நீட்டுவதற்குள் குழந்தை எழுந்து ஓடிவிடுகிறது. இதற்குப் போய்க் கடைக்காரனுக்குக் கொட்டிக் கொடுப்பார்களா? பெயிண்ட் வாளியைத் தேய்த்துக் கழுவினால் தொட்டி. பழைய போர்வையைக் கிழித்தால் கீழ்த்துணி. சாவிக்கொத்தை ஆட்டினால் கிலுகிலுப்பை. பூட்டில்லாத அந்தச் சாவிகளுக்கு வேலை வந்துவிட்டது, பார்த்தீர்களா?

இந்த இனத்தில் முதல் தரமான ஆள் ஒருவர் இருக்கிறார். பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பு அவர். குடும்பத்தில் அவரைக் கிடங்குக்காரர் என்றே சொல்லுவார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், இப்போது அவரே தொலைபேசியை எடுத்ததும் "கிடங்குதான் பேசறேன்" என்கிறார்.

பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. ஓடாத வண்டி ஒன்று மூலையில் நிற்கும். ஓடுகிற வண்டிக்குக் கண்ணாடி உடைந்தால் நிற்கிற வண்டியிலிருந்து கழற்றிப் போடுவார்கள். இருக்கை போனால் இருக்கை, கைப்பிடி போனால் கைப்பிடி. நம்முடைய ஆள் அந்த மூலை வண்டியைப் பார்க்கிற பார்வையில் ஒரு பாசம் இருக்கும். அது நிற்கவில்லை, பத்து வண்டியாகப் பிரிந்து ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பார். வேலையை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் பாக்கியசாலிகள். இவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

வீட்டில் ஒரு குழந்தைக் கட்டில் இருந்தது. தேக்கு மரம், இரண்டு பக்கமும் குச்சி குச்சியாகத் தடுப்பு, அடியில் கனத்த பலகை, நான்கு காலிலும் சக்கரம். அக்காவுக்கு மூத்தவன் பிறந்தபோது யாரோ ஓர் ஓட்டுநரிடமிருந்து அவர் சும்மாவே வாங்கிக் கொடுத்தது. அக்காவின் மூத்தவன் அந்தக் குச்சியைக் கடித்துத்தான் பல் முளைத்தான். இளையவள் அதைப் பிடித்துத்தான் எழுந்து நின்றாள். அங்கிருந்து பெரியப்பா மகன் வீட்டுக்குப் போனது; அவருக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒன்று தலைமாட்டிலும் ஒன்று கால்மாட்டிலுமாகப் படுத்து ஒருவரையொருவர் உதைத்துக்கொண்டே வளர்ந்தார்கள். அப்புறம் அத்தையின் பேரன். அத்தை பேரனுக்குப் பிறகு அத்தையின் ஓரகத்தி வீட்டில் ஒரு பெண் குழந்தை, அது நமக்கு நேர் உறவில்லை என்று அக்கா முணுமுணுத்தாள். முதுகு சாய்க்கிற குழந்தைக்கு உறவுமுறை என்ன என்று கிடங்குக்காரர் கட்டிலை அங்கேயும் அனுப்பிவைத்தார். குடும்பத்தில் ஒருவரும் குழந்தைக் கட்டில் வாங்கியதில்லை. வாங்கவிட்டால்தானே? கடை வாசல்வரை போனவர்களைக்கூடத் திருப்பிக் கூட்டிவந்திருக்கிறார்.

பிறகு சில காலம் குடும்பத்தில் பிறப்பு இல்லை. கட்டில் அவர் வீட்டுக்கே திரும்பி வந்து படுக்கையறை ஓரத்தில் நின்றது. கல்யாணமாகி வெகு நாளாகியும் அவருக்குப் பிள்ளை இல்லை. ஒருநாள் திருப்புளியை எடுத்தார், கட்டிலைக் கழற்றினார், பாகம் பாகமாக நாலு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சாமான் சும்மா நிற்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். அது உண்மைதான். ஏன் பிடிக்கவில்லை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஒரு பக்கத் தடுப்பு அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரில் ஏறியது. குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே தட்டைச் செருகினால் பாத்திர அடுக்கு. இன்னொரு தடுப்பு தம்பி வீட்டு மாடியில் பீன்ஸ் கொடி படரப் போனது. அடிப்பலகை, பெரியப்பா மகனுக்கு. அவர் தையல்காரர்; பலகைமேல் கம்பளியைப் போர்த்தித் துணி தேய்க்கிற மேசையாக்கிக்கொண்டார். சக்கரங்கள் அத்தைக்கு, தண்ணீர் டிரம்மைத் தூக்க முடியாமல் அவதிப்பட்டவள், ஒரு மணைக்குக் கீழே நாலு சக்கரத்தையும் அடித்து டிரம்மை அதன்மேல் வைத்து, வீடெல்லாம் உருட்டிக்கொண்டு திரிந்தாள். நாலு வீட்டிலும் மிச்சம். கிடங்குக்காரர் நிம்மதியாகத் தூங்கினார்.

அப்புறம்தான் அவர் மனைவி உண்டானாள்.

அந்த அம்மாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல் வைத்தியரிடம் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவர்களிடம் நாளெல்லாம் தணிவாகப் பேசிப் பழகியவள். குரலை உயர்த்தவே மாட்டாள். அதனால்தான் கிடங்குக்காரருக்குப் பயம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் என்பதால் பிரசவம் முடிந்து அவளுடைய அக்கா வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை. கிடங்குக்காரர் தினமும் வேலை முடிந்ததும் போய்ப் பார்ப்பார். போகும்போது கையை வீசிக்கொண்டு போக மாட்டார்.

முதல் தடவை கீழ்த்துணி கொண்டுபோனார், ஒரு மூட்டை. மிருதுவாக இருக்கிறதே என்று தடவிப் பார்த்த மனைவி, அது தன்னுடைய நல்ல படுக்கை விரிப்பு என்று கண்டுகொண்டாள். அடுத்த தடவை, கடையில் தள்ளுபடி என்று டயாப்பர் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு வந்தார். அவை நடக்கிற குழந்தைக்கான அளவு. இவள் பெண்ணோ கழுத்து நிற்காத குழந்தை. கட்டிப் பார்த்தால் அக்குள் வரைக்கும் ஏறியது. வளராமலா போய்விடுவாள் என்றார் அப்பா. நியாயமான பேச்சுத்தானே? அதற்கடுத்து ஒரு பால் புட்டி, மூடி வேறு நிறம். ஒரு கொசுவலை, ஓட்டைக்கு வலையாலேயே ஒட்டுப் போட்டது. மனைவி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. வீட்டுக்கு வருகிற நாள் குறித்தபோதுதான் பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவ படுக்கறதுக்கு ஒரு கட்டில். வாங்குவீங்களோ செய்வீங்களோ, பழசோ புதுசோ, எனக்குத் தெரியாது. ஆனா அது அவளோடதா இருக்கணும். நாளைக்கு யாராவது வந்து எங்களுக்கு வேணும்னு தூக்கிட்டுப் போகக்கூடாது. அப்படி ஒண்ணு இல்லன்னா நான் இங்கயே இருந்துக்கறேன்."

"இங்கயேன்னா?"

"எங்க அக்கா வீட்ல. அவங்களுக்கு ஒண்ணும் பாரமில்லையாம்."

அவள் தணிவாகத்தான் சொன்னாள். கன்னம் வீங்கியவர்களிடம் 'கொஞ்சம் உக்காருங்க' என்று சொல்வாளே, அதே குரல். இத்தனை வருஷம் காத்திருந்து பிறந்த பெண் அடுத்தவர் வீட்டில் வளருவதா? நீங்களாக இருந்தால் நேரே கடைக்கு ஓடியிருப்பீர்கள். அவர் வாயில் என்ன வந்தது?

"கட்டில்தானே? அதான் இருக்கே."

இருந்தது. நாலு வீட்டில் இருந்தது.

விடுமுறை நாளில் திருப்புளியும் கயிறுமாகப் புறப்பட்டார். முதலில் அக்கா வீடு. அக்கா அப்போதுதான் தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள், தடுப்பை ஒரு பார்வை பார்த்தாள், அதில் வரிசையாகச் சொருகியிருந்த தட்டுகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"எடுத்துக்கடா. ஒம் பொண்ணுக்கு இல்லாததா? தட்டையெல்லாம் எங்க வைக்கறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

"கொஞ்ச நாளைக்குத் தரையில..."

"தரையில. சரி. நீ வந்து சாப்பிடறப்பவும் அதே தட்டுதான்."

அக்காவுக்குச் சண்டை போடத் தெரியாது. இப்படி ஒரு வார்த்தை சொல்லத்தான் தெரியும். கிடங்குக்காரர் தெருமுனைக் கடைக்குப் போய், நிமிடத்துக்கு ஒரு பெருமூச்சு விட்டு, எவர்சில்வரில் பளிச்சென்று ஒரு பாத்திர அடுக்கு வாங்கி வந்து மாட்டிவிட்டு, தடுப்பைக் கழற்றிக்கொண்டு நடந்தார். அக்கா அந்த அடுக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தம்பி கையால் புதுச் சாமான் வாங்குவது அவள் பிறந்ததிலிருந்து இதுதான் முதல்.

பெரியப்பா மகனான தையல்காரர் தேய்ப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். பலகையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மாப்பிள்ளைக் கோட்டு ஒன்று நாளைக் காலை கொடுக்க வேண்டும், அதை உன் முதுகில் வைத்துத் தேய்க்கட்டுமா என்றார். முதுகைக் கொடுக்க முடியாது. தச்சரிடம் போய்ப் புதுப் பலகை அறுத்து, முட்டுக்கால் வைத்து, மேலே புதுக் கம்பளியும் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. கம்பளி பழசே போதும் என்று கிடங்குக்காரர் மன்றாடினார். பலகையில் இரட்டையர்கள் சின்ன வயதில் பெய்தது பழைய கம்பளியில் ஊறிக் கறையாகிவிட்டது, வாடிக்கையாளர் முகர்ந்து பார்க்கிறார்கள் என்றார் தையல்காரர். கறை பலகையோடு வந்தது; கிடங்குக்காரர் காசை எண்ணிக் கொடுத்தார்.

அத்தை மிகவும் நல்லவள். சக்கரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுந்து தண்ணீர் டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தான் போன பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றாள். அதுவரைக்கும் குழந்தை காத்திருக்காதே அத்தை என்றால், அப்போ என்னைச் சீக்கிரம் போகச் சொல்கிறாயா என்று மூக்கை உறிஞ்சினாள். கடைசியில் ரப்பர் சக்கரம் வைத்த, பிடிபோட்ட, நல்ல உயரமான ஒரு தள்ளுவண்டி வந்து இறங்கிய பிறகுதான் டிரம்மை விட்டாள். அடுத்த தெருவரைக்கும் அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்து, ஆசீர்வாதம் பண்ணினாள்.

தம்பி வீட்டு மாடிதான் கஷ்டமாகப் போயிற்று. கொடி தடுப்பை முழுக்க விழுங்கியிருந்தது. குச்சிக்குக் குச்சி சுற்றி, மேலே ஏறி, திரும்பி வந்து தன்மேலேயே சுற்றி, வெள்ளைப் பூவும் பிஞ்சுமாக நின்றது. தம்பி மனைவி தண்ணீர் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த புதுசு. அந்த வீட்டில் அவள் கையால் முளைத்த முதல் உயிர் அது. மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. பிஞ்சு ஒன்றை விரலால் தூக்கிக் காட்டினாள், அவ்வளவுதான். கிடங்குக்காரர் இறங்கிப் போய் மூங்கில் வாங்கி வந்தார், இரும்புக் கம்பி வாங்கி வந்தார், அன்று பொழுது சாயும்வரை அவரும் அவளும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரு பிஞ்சு உதிராமல் கொடியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துப் புதுப் பந்தலில் ஏற்றினார்கள். அன்றைக்கு அவருக்குக் கடையில் செலவானதைவிடப் பொறுமைதான் அதிகம் செலவானது. ஒரே ஒரு பூ விழுந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதையும் எறிந்து அவருக்குப் பழக்கமில்லை.

நான்கு வீட்டிலும் புதுச் சாமான் வந்தாகிவிட்டது. இவருக்குக் கட்டில் இலவசமாகக் கிடைத்துவிட்டது. கணக்கு எங்கேயோ உதைக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். அவருக்குத் தோன்றவில்லை. இந்த இனத்துக்கு அது தோன்றாது. கட்டில் வாங்கவில்லை, அல்லவா? அவ்வளவுதான் கணக்கு.

மனைவி வருகிற நாளும் வந்தது. அவளுடைய அக்கா வீட்டுக்காரரே அவளை வண்டியில் கூட்டிவருவதாக ஏற்பாடு. நாலு வீட்டாரையும் கிடங்குக்காரர் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சமையல் அவரேதான்.

அவருடைய சமையலைப் பற்றிக் கேலி பேசலாம் என்று பார்த்தால், முடியாது. என்ன சமைக்கலாம் என்று அவர் யோசிப்பதே இல்லை. எது நாளைக்குத் தாங்காது என்று பார்ப்பார். வாடின கீரை முதலில், மெத்தென்று போன தக்காளி அடுத்தது, கல் மாதிரி இருக்கிற பூசணி, பாவம், இன்னும் ஒரு வாரம் பிழைத்துப் போகட்டும். பெரிய குக்கர் ஒன்று. அடியில் பருப்பும் தக்காளியும். அதன்மேல் ஒரு கிண்ணத்தில் அரிசி. அரிசிமேல் உருளைக்கிழங்கு, கிழங்கின் இடுக்கில் முட்டைகள். ஒரே அடுப்பு, ஒரே தீ. கிழங்குத் தோலைக்கூட விடாமல் உப்பும் மிளகும் தூவி மொறுமொறுவென்று வறுத்துவிடுவார். சாப்பிட வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு இரண்டாம் தடவை கேட்பார்கள், கடைசியில் தோலுக்குச் சண்டை போடுவார்கள். அன்றும் அப்படித்தான் நடந்தது.

கட்டில் நடு அறையில் நின்றது. உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசி, சக்கரத்துக்கு மசகு போட்டு, ஜோராகத்தான் நிறுத்தியிருந்தார். மனைவி குழந்தையோடு உள்ளே வந்தாள். கட்டிலைச் சுற்றி நடந்தாள். ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. குழந்தையைக் கிடத்தினாள். குழந்தை ஒரு காலைத் தூக்கித் தடுப்புக் குச்சியில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, ரொம்ப நாள் பழக்கம் மாதிரித் தூங்கிவிட்டது. கிடங்குக்காரருக்கு மூச்சு வந்தது.

மனைவி சாப்பிட உட்கார்ந்தாள். பிள்ளை பெற்ற பசி. பருப்பும் சோறும் பிசைந்து நன்றாகவே சாப்பிட்டாள். சொந்தக்காரர்கள் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். நன்றியுள்ள மனிதர்கள், என்ன செய்வது? அக்கா தன் பாத்திர அடுக்கைப் பற்றி ஆரம்பித்தாள். துரு பிடிக்காதாம், தம்பி பார்த்துப் பார்த்து வாங்கினதாம். தையல்காரர் கம்பளியைப் புகழ்ந்தார். அத்தை தள்ளுவண்டியில் ஒரு பேரனை ஏற்றிக்கூடப் பார்த்துவிட்டாளாம். மூங்கில் பந்தலைத் தம்பி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, கிடங்குக்காரரின் மனைவி கவளத்தை உருட்டுவது மெதுவாகிக்கொண்டே வந்து நின்றுவிட்டது.

"அப்போ எல்லார் வீட்டுக்கும் புதுசு வாங்கியிருக்கீங்க," என்றாள்.

கிடங்குக்காரர் கரண்டியோடு நின்றார்.

"எல்லாருக்கும் புதுசு வாங்கிக் குடுத்து, எம் பொண்ணுக்கு நாலு வீட்ல இரவல் வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"இரவல் இல்லம்மா. கட்டில் நம்மளோடதுதான்."

"நம்மளோடதுன்னா? நான் வந்த நாள்ல இருந்து அது நம்ம வீட்ல எத்தனை நாள் நின்னுச்சு?"

அத்தை, இந்தப் பிள்ளைக்கு அந்தப் புத்தி சின்ன வயசிலிருந்தே, அதன் அப்பாவுக்கும் அதேதான், அப்பாவுடைய சித்தப்பா ஒருவர் செருப்புத் தேயும் என்று... என்று தொடங்கினாள். அக்கா அத்தையின் தட்டில் உருளைக்கிழங்குத் தோலை அள்ளிப் போட்டாள். பேச்சு நின்றது.

"புதுசு வேணும்னு நான் கேக்கல," என்றாள் மனைவி. "கட்டில் நல்லாத்தான் இருக்கு. அவளுக்கும் பிடிச்சிருக்கு. இது யாரோடதுன்னு இவங்க எல்லாரையும் வச்சுக்கிட்டு நீங்க சொல்லணும். அது போதும்."

மிகவும் சுலபமான கேள்வி. உங்களையும் என்னையும் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவோம். கிடங்குக்காரருக்கு நெற்றி வேர்த்தது. ஒரு சாமானை ஒருத்தருக்கே உரியது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. சொன்னால் அது ஒருநாள் சும்மா நிற்கும், சும்மா நிற்பதைப் பார்க்க வேண்டியிருக்கும். கட்டிலைப் பார்த்தார். உள்ளே குச்சியில் காலை முட்டுக் கொடுத்துக்கொண்டு தூங்குகிறதைப் பார்த்தார்.

"எம் பொண்ணோடது," என்றார்.

மனைவி மறுபடியும் சோற்றைப் பிசைந்தாள். எல்லோருக்கும் உயிர் வந்தது. அக்கா இன்னொரு கரண்டி பருப்பு கேட்டாள். இத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்? ஆனால் அந்த நேரம் பார்த்துத் தம்பி தன் மனைவியின் முழங்கையை இடித்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் திரும்பவும் இடித்தான். அக்கா கண்ணில் பட்டுவிட்டது.

"என்னடி?"

தம்பி மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இப்பச் சொல்லலாமான்னு தெரியல அண்ணி. எங்களுக்கும்... டாக்டர் நேத்துத்தான் உறுதியாச் சொன்னாங்க."

அத்தைக்குச் சந்தோஷத்தில் புரையேறியது. தையல்காரர் அவள் முதுகைத் தட்டினார். ஆனால் எல்லோருடைய கண்ணும், ஒரே கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி, ஒருவர் மேல்தான் போய் நின்றது. கிடங்குக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. உண்டாகியிருக்கிறாள் என்ற வார்த்தை காதில் விழுந்தால் அந்த முகம் மலரும், அதற்கு அவர் பொறுப்பில்லை. வாய் திறந்தது. இருபது வருஷமாக அந்த வாயிலிருந்து அந்த இடத்தில் வருகிற வார்த்தை ஒன்றுதான்.

"கட்டிலுக்கு ஒண்ணும் கவலைப்படாதம்மா. அதான் இ..."

மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. உருட்டிய கவளத்தை வாயில் வைக்கவுமில்லை. பக்கத்தில் அவளுடைய அக்கா வீட்டுக்காரர், வண்டிச் சாவியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ரொம்பவும் ஆர்வமாகக் கூரையைப் பார்த்தார்.

கிடங்குக்காரர் வாயை மூடினார். விழுங்கினார். மறுபடி திறந்தார். பல்லைப் பிடுங்கும்போதுகூட அவர் அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னாள்; அது அவளுக்குத் தெரியும், சீட்டு எழுதியது அவள்தான்.

"கடையில நல்ல கட்டிலா ஒண்ணு வாங்கிடலாம்மா," என்றார். "புதுசா. நானே கூட வரேன்."

அக்கா எழுந்து வந்து கிடங்குக்காரரின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. தையல்காரர், தான் கேட்டது சரிதானா என்று தம்பியைக் கேட்டார். தம்பி மனைவி மட்டும் சிரித்துவிட்டு, "சரிங்க மாமா," என்றாள்.

கிடங்குக்காரரின் மனைவி கவளத்தைச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு தன் அக்கா வீட்டுக்காரரிடம், எப்போதும்போலத் தணிவாக, "மாமா, நீங்க கிளம்புறப்ப அக்காகிட்ட சொல்லிடுங்க. அங்க இருக்கற மீதித் துணியை நாளைக்குக் குடுத்துவிடட்டும்," என்றாள். குக்கரை எட்டிப் பார்த்தாள். "முட்டை இன்னொண்ணு இருக்கா?"

இருந்தது. கிடங்குக்காரர் தோல் உரித்து, உப்புத் தொட்டு, தானே கொண்டுபோய் அவள் தட்டில் வைத்தார்.

அவர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். சொன்னபடி கடைக்குப் போனார், நல்ல கட்டிலாகத்தான் வாங்கிக் கொடுத்தார். அது வந்த அட்டைப் பெட்டியைக் கடைக்காரரிடமிருந்து கேட்டு வாங்கி, மடிக்காமல், பேருந்தில் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்கு என்ன உபயோகம் என்று இன்னும் தீர்மானமாகவில்லை.

நீங்கள் இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நல்லது. உங்களுக்கும் அந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒன்று மட்டும் கேட்கலாமா? அவர் தச்சரிடம் போய்ப் புதுப் பலகை அறுத்தபோது, 'அடடா, பழைய கதவு எதையாவது போட்டிருக்கலாமே' என்று உங்கள் மனம் சற்று ஓடியதா, இல்லையா? ஓடியதோடு நிற்காமல், நம் வீட்டுப் பரணில்கூட ஒரு கதவு சும்மாதானே கிடக்கிறது என்று ஞாபகம் வந்திருந்தால், தயவுசெய்து அதை யாரிடமும் சொல்லாதீர்கள். முக்கியமாக, உண்டாகியிருக்கிற பெண்கள் யாரும் பக்கத்தில் இருக்கும்போது.